யவனர் கலத்தில் வில்லாளருக்கு என்ன வேலை?



முல்லைப்பாட்டைப் பற்றி இந்த வரிசையில் பேசியதைக் கேட்ட புளியந்தீவு நேயர் ஒருவர் நல்லதொரு கேள்வியை எழுதியனுப்பியிருக்கிறார். அரசனுடைய பாசறையிலே, சட்டை அணிந்து, சாட்டையை இடையில் வளைத்துக் கட்டி, கண்டார் அஞ்சும் தோற்றத்தோடு நிற்கும் யவனரை நப்பூதனார் காட்டுகிறார். அரசன் துயிலும் கூடாரத்தை அமைத்து, புலிச்சங்கிலி தொங்கவிட்டு, விளக்கேற்றி வைப்பது அவர்கள் பொறுப்பு. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் வாளோடு காவல் நிற்பவர்களும் யவனரே. "யவனர் மிளகு வாங்க வந்தவர்கள் என்றுதானே படித்தோம்? மிளகு வாங்க வந்தவன் கையில் தராசு இருக்கலாம். வாள் எப்படி வந்தது?" என்று கேட்கிறார் நேயர்.

கேள்வி ஒரு வரிதான். விடையோ கடலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டிய விடை.

உரோம நாட்டுப் பிளினி, கி.பி. 77ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த தமது 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலிலே, எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கடல்வழியை விவரிக்கிறார். அங்கே போகிற போக்கில் ஒரு செய்தி சொல்லுகிறார். ஆண்டுதோறும் செல்லும் அந்தக் கப்பல்களில் வில்லாளர் அணிகளை ஏற்றி அனுப்புவார்களாம். காரணம், அந்தக் கடலில் கொள்ளைக்காரரின் தொல்லை மிகுதி. அவ்வளவுதான். மேலும் விளக்கவில்லை. விளக்கவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. பிளினி வெறும் ஏட்டுப் புலவர் அல்லர். இத்தாலியின் மிசேனம் துறையில் நின்ற உரோமக் கடற்படையின் தளபதி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, கரையில் அகப்பட்ட மக்களை மீட்கக் கப்பல்களோடு போய் அங்கேயே மாண்டவர். கப்பல் என்றால் அதில் சண்டைக்காரர் சிலர் இருப்பார்கள் என்பது அவருக்கு, தோணி என்றால் துடுப்பு இருக்கும் என்பதுபோலச் சொல்லாமலே விளங்கும் சங்கதி.

துடுப்பு வலிக்காமல், பாய் இழுக்காமல், சண்டைக்கென்றே கப்பலில் ஏற்றப்படும் இந்த ஆளைக் கப்பற்சிப்பாய் என்று அழைப்போம். அவனை உரோமர் எப்படிக் கண்டெடுத்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டு முசிறிக்கும், பிறகு நேயரின் புளியந்தீவுக்கும் வருவோம்.

கிரேக்கர் காலத்துக் கடற்போரிலே கப்பலே ஆயுதம். மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றின் அணியத்திலே, நீர்மட்டத்தோடு ஒட்டி, வெண்கலக் கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பு சீவிய காளைபோல வேகமாய் வந்து எதிரிக் கப்பலின் விலாவில் குத்தி, உடனே பின்வாங்கிவிட வேண்டும். பின்வாங்கத் தெரியாதவன் மாட்டிக்கொள்வான். ஏதென்ஸ் நகரத்துக் கப்பலொன்றில் தண்டு வலிப்போர் 170 பேர். கவசம் பூண்ட சண்டைக்காரர் 10 பேரும் வில்லாளர் 4 பேருந்தான். இந்தக் கணக்கைப் பார்த்தாலே அவர்கள் யாரை நம்பினார்கள் என்பது விளங்கும். நிறைய வீரரைத் தளத்தில் அடைத்துக்கொண்டு, கப்பலோடு கப்பலை முட்டவிட்டு வெட்டிக்கொள்வதை, வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பழைய காலத்து முரட்டுமுறை என்றே எழுதினார்.

அந்த முரட்டுமுறைதான் உரோமரைக் கடலுக்கு அரசராக்கியது.

கி.மு. 264இல் சிசிலித் தீவுக்காக உரோமருக்கும் கார்த்தேஜ் நகரத்தாருக்கும் போர் மூண்டபோது, உரோமரிடம் சொல்லத்தக்க கடற்படை இல்லை. கார்த்தேஜ் நகரத்தாரோ தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். கரையில் ஒதுங்கி அகப்பட்ட கார்த்தேஜ் கப்பல் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, உரோமர் 100 பெருங்கப்பல்களையும் 20 சிறுகப்பல்களையும் கட்டத் தொடங்கினார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார். கப்பல் தச்சர் வேலை செய்துகொண்டிருந்த நாட்களில், தண்டு வலிக்கச் சேர்க்கப்பட்ட உழவர் மக்களைக் கரையிலே வாங்குகளை வரிசையாகப் போட்டு இருத்தி, கட்டளைக்காரன் குரலுக்கு முன்னே சாய்ந்து பின்னே நிமிரப் பழக்கினார்களாம். தண்ணீர் இல்லை, கப்பல் இல்லை. தரையில் இருந்தபடி தண்டு வலிக்கிறார்கள்! நமது வாவிக்கரைப் பிள்ளைகள் கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போகத்தக்க காரியம் அல்ல அது. தன் குறையை அறிந்தவனின் பயிற்சி அது.

கப்பல்கள் முடிந்தன. பாரமாய், மெதுவாய் ஓடின. குத்திப் பின்வாங்கும் வித்தை இவற்றால் ஆகாது என்பது உரோமருக்கே தெரிந்தது. கடலிலே எதிரியை வெல்ல முடியாதென்றால் கடலையே தரையாக்கிவிட்டால் என்ன? அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் 'காகம்' என்ற பொறி.

பொலிபியஸ் இதை ஒரு தச்சனுக்குச் சொல்வதுபோல அளவோடு சொல்லியிருக்கிறார். கப்பலின் அணியத்திலே 4 பாகம் உயரமான உருண்டை மரம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் கப்பி பூட்டினார்கள். அந்த மரத்தைச் சுற்றித் திரும்பும்படி, 4 அடி அகலமும் 6 பாகம் நீளமும் உள்ள பலகைப் பாலம் ஒன்று. அதாவது ஏறத்தாழ 36 அடி நீளம். இருபுறமும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச்சுவர். பாலத்தின் நுனியில், கீழ்நோக்கி, உலக்கைபோன்ற கூரிய இரும்பு. கப்பிக் கயிற்றால் பாலத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போவார்கள். எதிரிக் கப்பல் நெருங்கியதும் கயிற்றை விட்டால், பாலம் தடாலென்று விழும். இரும்பு மூக்கு எதிரியின் தளப்பலகையில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கப்பலும் ஒன்றாகிவிடும். பிறகு வீரர் இருவர் இருவராய் அந்தப் பாலத்தில் நடப்பார்கள். முன்னே போகிறவர்கள் கேடயத்தை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். பின்னே வருகிறவர்கள் கேடய விளிம்பைக் கைப்பிடிச்சுவரில் சார்த்தி விலாவைக் காப்பார்கள். அதன்பின் நடப்பது கடற்போர் அல்ல. உரோமர் நன்கறிந்த வாட்போர், மரத்தளத்தின்மேல்.

கி.மு. 260இல் மைலே என்ற இடத்துக்கு அண்மையில் இந்தக் காகம் முதன்முறை விழுந்தது. கார்த்தேஜ் மாலுமிகள், நிமிர்ந்து நிற்கும் அந்தப் பொருள் என்னவென்று விளங்காமலே அலட்சியமாய் முன்னே வந்தார்கள். 50 கப்பல்களை இழந்தார்கள். அவர்கள் தளபதி தன் பெரிய கப்பலை விட்டு ஒரு சிறு படகில் ஏறித் தப்பினான். வென்ற துயிலியஸ் என்ற உரோமத் தளபதிக்கு, பிடிபட்ட கப்பல்களின் கொம்புகளைப் பதித்த தூண் ஒன்றை நகர்மன்றத்திலே நாட்டினார்கள். அதுமட்டுமல்ல; அந்த மனிதர் விருந்துண்டு இரவில் வீடு திரும்பும்போதெல்லாம் தீவட்டி பிடிக்க ஒருவனும் குழலூத ஒருவனும் கூடப் போகும் பெருமையையும் அடைந்தார். தூணைவிட இந்தக் குழல்தான் எனக்குப் பிடித்தது. அண்டை வீட்டார் தூக்கம் என்ன ஆயிற்றோ!

ஆனால் குழலூதியது தளபதிக்கு மட்டுந்தான். கி.மு. 256இல் எக்னோமஸ் முனைக்கு அப்பால் நடந்த பெரும்போருக்குப் பொலிபியஸ் தரும் கணக்கைக் கவனியுங்கள். உரோமர் பக்கம் 330 கப்பல்கள். கப்பல் ஒன்றுக்குத் தண்டு வலிப்போர் 300 பேர், கப்பற்சிப்பாய்கள் 120 பேர். கூட்டிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 மனிதர். ஏதென்ஸ் கப்பலின் 14 சண்டைக்காரர் இங்கே 120 ஆகிவிட்டார்கள். தண்டு வலித்த முந்நூறு பேரும் கீழ்த்தட்டில், வெளிச்சம் குறைந்த இடத்தில், மேலே நடப்பது எதுவும் காணாமல் இருந்தவர்கள். 'பென்ஹர்' படத்தில் கண்டதுபோலச் சங்கிலியால் பிணைத்த அடிமைகள் என்று இவர்களை நினைத்துவிட வேண்டாம். அது சினிமாக்காரர் கொடுத்த சங்கிலி. உரோமக் கப்பலில் தண்டு வலித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளல்லாத ஏழைக் குடிமக்களும், உரோமருக்குக் கட்டுப்பட்ட ஊர்களின் ஆட்களும். ஒருவன் பெயர்கூட நமக்கு வரவில்லை.

அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது மட்டும் தெரியும். கி.மு. 255இல் ஆபிரிக்கக் கரையில் வென்று திரும்பிய உரோமத் தளபதிகள், சிசிலியின் தென்கரையோரமாய்ப் போக முடிவு செய்தார்கள். சுக்கான் பிடித்த மீகாமன்மார் வேண்டாமென்று மன்றாடினார்கள். அந்தக் கரையில் ஒதுங்கத் துறையில்லை. வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம் உதித்து மற்றொன்று உதிக்கும் வரையுள்ள இடைக்காலம் காற்று மாறும் காலம் என்றார்கள். கச்சானும் வாடையும் மாறும் நாட்களைக் கணக்கு வைத்திருக்கும் நமது கடற்றொழிலாளருக்கு இந்தப் பேச்சு உடனே விளங்கும். தளபதிகளுக்கு விளங்கவில்லை. வழியில் உள்ள சில ஊர்களைத் தம் வெற்றியைக் காட்டியே பணியவைக்கலாம் என்று நினைத்தார்கள். கமரினா ஊருக்கு அண்மையில் புயல் வந்தது. 364 கப்பல்களில் தப்பியவை 80. அணியத்தில் நட்டிருந்த காகத்தின் பாரமும் கப்பல்களைக் கவிழ்க்கத் துணைபோயிருக்கும் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். எப்படியோ, எக்னோமஸ் போருக்குப் பிறகு காகத்தைப் பற்றிய பேச்சையே காணோம்.

காகம் போனாலும் கப்பற்சிப்பாய் போகவில்லை. கி.மு. 249இல் திரெப்பனா என்ற துறையில், கரைக்கும் எதிரிக்கும் நடுவே அகப்பட்டு, உரோமர் 93 கப்பல்களை இழந்தார்கள். (போருக்கு முன் சகுனம் பார்க்கும் கோழிகள் தீனி எடுக்க மறுத்தனவாம். தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று தளபதி அவற்றைக் கடலில் எறிவித்தான் என்பது பழைய கதை.) எட்டாண்டு கழித்து, கி.மு. 241இல், இலேசான புதிய கப்பல்கள் 200 செய்துகொண்டு, தேர்ந்தெடுத்த வீரரை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கார்த்தேஜ் கப்பல்களோ தானிய மூட்டைகளால் நிறைந்திருந்தன. அவற்றிலிருந்த வீரர் நேற்றுச் சேர்ந்தவர்கள். 50 கப்பல்கள் தாழ்ந்தன, 70 பிடிபட்டன. இருபத்து மூன்று ஆண்டுப் போர் அன்றைக்கு முடிந்தது. தாழ்ந்ததைவிடப் பிடிபட்டது அதிகம் என்பதைப் பாருங்கள். குத்தி அழிப்பவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஏறிப் பிடிப்பவனுக்குக் கப்பலும் கிடைக்கும், சரக்கும் கிடைக்கும், ஆளும் கிடைக்கும்.

பின்னாளில் அகிரிப்பா என்ற தளபதி, கவணால் எறியும் கொக்கி ஒன்றை உண்டாக்கினார். ஐந்து முழம் நீளமான மரத்தை இரும்பால் பொதிந்து, முன்னே கொக்கியும் பின்னே கயிறுகளும் பூட்டி, எதிரிக் கப்பலில் தைக்க எறிந்து பொறியால் இழுப்பது. இரும்புப் பொதிவு இருப்பதால் எதிரி வெட்டி விடுவிக்க முடியாது. மாற்றம் கருவியில்தான், நோக்கம் பழைய காகத்தின் நோக்கமே. அதே அகிரிப்பாதான் கி.மு. 31இல் ஆக்டியம் கடலில் அந்தோனியையும் கிளியோபத்திராவையும் முறியடித்தவர். அந்தப் போருக்கு அந்தோனி 20,000 காலாள் வீரரையும் 2,000 வில்லாளரையும் கப்பலேற்றினான் என்று புளூட்டாக் எழுதுகிறார். உடலெல்லாம் தழும்பேறிய கிழட்டு வீரன் ஒருவன், எங்களை நம்பாமல் இந்தக் கட்டைகளை ஏன் நம்புகிறீர், தரையைத் தாரும் என்று அந்தோனியிடம் அழுத கதையையும் அவரே சொல்லுகிறார்.

ஆக்டியத்துக்கு அடுத்த ஆண்டு எகிப்து உரோமர் கைக்கு வந்தது. எகிப்தோடு செங்கடலும், செங்கடலோடு நமது மிளகும் வந்தன. மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதை ஸ்டிராபோ கேள்விப்பட்டு எழுதினார். எகிப்துக் கிரேக்கரும், சிரியரும், உரோமப் பணக்காரரின் ஆட்களுமாய் வந்த இந்தக் கலவைக் கூட்டத்தைத்தான் நம்மவர் 'யவனர்' என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள்.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. மத்தியதரைக் கடலில் எதிரிக் கப்பலுக்குத் தாவியவன் உரோமன். அரபிக் கடலில் தாவ வருகிறவன் கொள்ளைக்காரன், தடுக்கவேண்டியவன் உரோமன். பெரிய வணிகக் கப்பல் உயரமானது, சரக்குப் பாரத்தால் மெதுவானது, காற்றில்லாவிட்டால் அசையாதது. சிறு படகுகளில் சூழ்ந்து வருகிறவர்களுக்கு வேண்டியது கொக்கியும் கயிறும் துணிவுந்தான். வாள்வீரனை ஏற்றிவைத்தால், அவன் வேலை செய்யத் தொடங்கும்போது பகைவன் ஏற்கெனவே தளத்தில் ஏறியிருப்பான். வில்லாளன் என்றால் அவனைப் படகிலேயே நிறுத்தலாம். உயரத்தில் நிற்பவன் அம்புக்குத் தூரமும் உண்டு. பிளினி வாள்வீரரைச் சொல்லாமல் வில்லாளரைச் சொன்னதன் நியாயம் இதுதான் என்று எண்ணுகிறேன்.

இவ்வளவு செலவு தகுமா என்று கேட்கலாம். வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஒன்று முசிறி வணிகத்துக்குக் கொடுத்த கடனைப் பற்றியது. 1985இல் அச்சாகிய அந்த ஏட்டிலே, 'ஹெர்மபொல்லோன்' என்ற ஒரே கப்பலில் போன சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் உரோமக் காசு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தச் சரக்குக்கு முன் வில்லாளர் கூலி எம்மாத்திரம்?

முசிறியைப் பற்றிப் பிளினி சொல்லும் புத்திமதி இன்னும் சுவையானது. அது விரும்பத்தக்க துறையல்ல என்கிறார். காரணம் இரண்டு. அயலில் கொள்ளைக்காரர் இருக்கிறார்கள். கப்பல் நிற்கும் இடம் கரைக்குத் தூரம், சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்கவேண்டும். இனிப் புறநானூற்றின் 343ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். மரக்கலம் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணியால் கரைசேர்க்கும் முசிறியைப் பரணர் பாடுகிறார். ஒருவர் உரோமக் கடற்படைத் தளபதி, மற்றவர் தமிழ்ப் புலவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் ஒரே காட்சியைக் காண்கிறார்கள். தளபதி அதிலே ஆபத்தைக் கண்டார். புலவர் செல்வத்தைக் கண்டார். கப்பல் ஆழ்கடலில் நிற்க, பொன் சிறுதோணிக்கு மாறும் அந்த இடைவெளிதான் கொள்ளைக்காரனுக்கும் வாய்ப்பான இடம். அங்கே கப்பலின் உயரமும் உதவாது.

கொள்ளைக்காரரைப் பற்றி நம்மவரும் பாடாமலில்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று பகைவரின் காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்ததைப் புகழ்கிறது. கடலிலே தொல்லை தந்தவர்களை அடக்கிய செயல் இது என்று கொள்பவர் உண்டு. அதே பத்தின் பதிகம், அவன் யவனரைப் பிடித்துக் கையைப் பின்கட்டாகக் கட்டி, தலையில் நெய்யை ஊற்றிப் பணியவைத்து, விலைமிக்க கலங்களையும் வயிரத்தையும் கொண்டுவந்தான் என்றும் சொல்லுகிறது. யவனரைக் காத்தவனும் அவன், கட்டியவனும் அவன். சேரனின் பொன் தரும் நாவாய் ஓடிய வழியில் பிறர் கலம் செல்லாது என்று மாறோக்கத்து நப்பசலையார் புறநானூற்றின் 126ஆம் பாட்டில் உவமை காட்டுகிறார். கடலாட்சி என்பதை இதைவிடச் சுருக்கமாய்ச் சொன்னவர் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. கடம்பை வெட்டியதைப் பாடியவர்கள், கடலில் கலத்தோடு கலம் மோதியதைப் பாடவில்லை. கொக்கி எறிந்தார்களா, அம்பு எய்தார்களா, தளத்தில் நின்றவன் எப்படி நின்றான், விழுந்தவன் எப்படி விழுந்தான் என்ற எதுவும் இல்லை. களத்தில் பட்ட யானையின் தும்பிக்கையைக்கூட விடாமல் பாடிய புலவர்கள், கப்பலின் தளத்துக்கு வந்ததும் வாய்மூடிக்கொள்கிறார்கள். நம் புலவர்கள் கரையில் நின்று பாடியவர்கள். கடலில் நடந்ததைப் பொலிபியஸ் போல அளந்து எழுத நமக்கு ஆள் இல்லாமற் போயிற்று.

நேயரின் கேள்விக்கு இப்பொழுது விடை சொல்லலாம். பிளினியின் கணக்குப்படி, நடுக்கோடையில் எகிப்தை விட்ட கப்பல்கள், செங்கடல் வாயிலிலிருந்து நல்ல காற்றுக்கு நாற்பது நாளில் முசிறியை அடையும்; திரும்பிப் போவது மார்கழி, தை அளவில். இடைப்பட்ட மாதங்களில் வணிகனுக்கு வேலை உண்டு. மாலுமிக்குக் கப்பல் செப்பனிடும் வேலை உண்டு. வில்லாளனுக்கு? துறையில் குந்தியிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 'பியூட்டிங்கர் வரைபடம்' என்ற பழைய உரோம வழிப்படத்திலே முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் பேரரசன் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திரும்பிப் போகாமல் தங்கிய யவனரும் இருந்திருக்க வேண்டும். அப்படித் தங்கிய கப்பற்சிப்பாய்களில் சிலர்தான் பாண்டியன் வாயிலிலும் அரசன் பாசறையிலும் கூலிக்குக் காவல் நின்றார்கள் என்பது என் ஊகம். கல்வெட்டுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் வேலையில்லாத வீரனும், உறவும் சுற்றமும் இல்லாத காவலாளனைத் தேடும் அரசனும் ஒரே ஊரில் இருந்தால் நடக்கக்கூடியது வேறென்ன?

இந்த யவனன் வந்தான், கூலிக்கு நின்றான், நம் அரசனுக்கு விளக்கேற்றினான். பின்னொருநாள் வந்த கப்பற்சிப்பாய் அப்படி இருக்கவில்லை. அதற்கு நேயரின் ஊரே சாட்சி.

மட்டக்களப்பு வாவியும் முசிறிக் கழியைப் போன்றதுதான். கடலோடும் பெருங்கப்பல் முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டி உள்ளே வராது. வெளியே நங்கூரமிட்டு, படகில் ஆளை இறக்கவேண்டும். 1602 மே மாத முடிவில் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதியின் கப்பல் இக்கரைக்கு அப்பால் வந்து நின்றபோதும் அப்படித்தான். அவர் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு நட்புறவு பேசித் திரும்பினார். அடுத்து வந்தவர் செபால்ட் டி வேர்ட். போர்த்துக்கேயரைக் கடலில் தடுக்க இவர் உதவுவதாகப் பேச்சு. 1603இல் இவர் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தார். பிடித்தவர், அவற்றிலிருந்த ஆட்களை விட்டுவிட்டார். மன்னனுக்கு அது துரோகமாய்ப் பட்டது. கப்பலைப் பிடிப்பது எதற்கு, அதிலுள்ள பகைவனைத் தப்பவிடவா?

அந்த மனத்தாங்கலோடு மன்னன் மட்டக்களப்புக்கு வந்தான். டி வேர்ட் அவனைத் தம் கப்பலுக்கு வந்து பார்க்கும்படி அழைத்தார். மன்னன் மறுத்தான். மறுத்ததில் வியப்பில்லை. பிறன் கப்பலில் கால்வைத்தவன் பிறன் ஆட்சியில் கால்வைத்தவன். சூழ நிற்பவர் அவனுடைய சிப்பாய்கள், கீழே கிடப்பது கடல். அரசி கண்டியில் தனியே இருக்கிறாள், நான் திரும்பவேண்டும் என்று மன்னன் சாக்குச் சொல்ல, டி வேர்ட் அரசியைப் பற்றித் தகாத பேச்சுப் பேசினார். அவரைக் கட்டும்படி மன்னன் கட்டளையிட்டான். அந்தக் கலவரத்தில் டி வேர்ட் கொல்லப்பட்டார். கரையில் நின்ற அவருடைய ஆட்கள் ஏறத்தாழ ஐம்பது பேரும் மாண்டார்கள். கடலில் நான்கு கப்பல்களைப் பிடித்த தளபதி, கரையில் ஒரு வாக்குவாதத்தில் போய்விட்டார்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். இருபுறம் வாவி, மறுபுறங்களில் வெட்டிய அகழி என்று நீரே மதிலாக நிற்கும் இடம். பத்தாண்டு கழித்து, 1638 மார்ச் 28ஆம் தேதி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் கன்னொறுவையிலே போர்த்துக்கேயச் சேனையைத் தளபதியோடு அழித்தான். மலையிலும் காட்டிலும் அவனை வெல்ல ஆளில்லை. ஆனால் தண்ணீருக்கு நடுவே, பீரங்கியோடு, கடல்வழியாக உணவும் உதவியும் பெறக்கூடிய கோட்டை ஒன்றைப் பிடிக்க அவனுக்கு வேண்டியது ஒல்லாந்தரிடம் இருந்தது: கப்பலும், கப்பலிலிருந்து இறங்கிச் சண்டை செய்யப் பழகிய சிப்பாயும். அடம் வெஸ்டர்வோல்ட் என்ற தளபதியின் கப்பல்கள் மே மாதம் வந்தன. ஆட்களையும் பீரங்கிகளையும் இறக்கினார்கள். மே 18ஆம் தேதி கோட்டை பணிந்தது.

உரோமருடைய காகம் கடலைத் தரையாக்கியது என்றோம். இங்கே கப்பல் ஒரு நகரும் கரையாகி வந்து, பகைவன் கோட்டை எதிரே சிப்பாயை இறக்கிவிட்டது. அந்தச் சிப்பாய்க்குக் கூலி கொடுத்தவன் கண்டி மன்னன் அல்லன்; ஒல்லாந்தக் கும்பனி.

ஐந்து நாள் கழித்து, மே 23இல், மன்னனும் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை நிறுத்தலாம் என்று அதில் ஒரு விதி. மன்னனிடம் இருந்த படியிலே, 'அரசர் விரும்பினால்' என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. ஒல்லாந்தர் படியிலே அவை இல்லை. அந்த இரண்டு சொல்லுக்காகப் பின்னர் பல ஆண்டு சச்சரவு நடந்தது. போர்ச்செலவு முழுவதையும் மன்னன் ஏற்கவேண்டும் என்பது இன்னொரு விதி. செலுத்தவேண்டியது காசாக அல்ல, கறுவா, மெழுகு, மிளகு முதலிய பொருள்களாக.